போமட் அடிக்க முதல்: விண்டோஸ் மீட்புப் புள்ளி அமைக்கவும் பயன்படுத்தவும் முழுமையான வழிகாட்டி

சாவகச்சேரியில் இருக்கும் என் மச்சாள் பாடசாலை ஆசிரியை. ஒரு மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை, வீட்டில் கிடந்த பழைய பிரிண்டரை லப்டொப்புடன் இணைக்க நினைத்து, இணையத்தில் தேடி ஒரு டிரைவரை, அதாவது பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளை, இறக்கி நிறுவினார். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தார். அதன் பிறகு நீலத் திரை. அணைத்துப் போட்டாலும் அதே நீலத் திரை. வினாத்தாள் கொடுக்க வேண்டிய அவசரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு ஓடினார். "போமட் அடிச்சாத்தான் சரிவரும் ரீச்சர்" என்றார்கள். பின்னேரமே லப்டொப் கைக்கு வந்தது, நன்றாகவும் வேலை செய்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. எட்டு வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள், பாமினி எழுத்துருவில் அடித்த பாடக் குறிப்புகள், மாமாவின் அந்தியேட்டியில் எடுத்த படங்கள் எல்லாம் போய்விட்டன.

ஒரு கதவுப் பிணைச்சல் பழுதானதற்கு முழு வீட்டையும் இடித்துக் கட்டியது மாதிரியான வேலை அது. அந்த டிரைவரை நிறுவுவதற்கு முதல் ஒரு மீட்புப் புள்ளி வைத்திருந்தால், அரை மணித்தியாலத்தில் லப்டொப் முதல் நாள் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு வினாத்தாளும் போயிருக்காது. விண்டோஸில் அப்படி ஒரு வசதி இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்த நானும் அதுவரை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்குக் கணினி பார்க்கப் போனாலும், வேறு எதையும் தொட முதல் இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். இங்கே எழுதுவது அந்த வேலை முழுவதும்.

மீட்புப் புள்ளி எப்படி வேலை செய்கிறது

சிஸ்டம் ரெஸ்டோர் என்ற இந்த வசதி 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எம்இ பதிப்பிலிருந்து இருக்கிறது. விண்டோஸ் 10இலும் 11இலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான திரைகள்தான், ஆகவே கீழே சொல்லும் படிகள் இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டாலும், அதில் இந்த வசதி தொடர்ந்து வேலை செய்கிறது.

மீட்புப் புள்ளி வைக்கும்போது விண்டோஸ் முழு டிஸ்க்கையும் பிரதி எடுப்பதில்லை. கணக்குப் புத்தகம் எழுதும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இன்றைய நிலையில் ஒரு அடையாளம் வைக்கிறார். நாளைக்கு ஏதாவது ஒரு பக்கத்தை மாற்ற வேண்டி வந்தால், மாற்றுவதற்கு முதல் அந்தப் பழைய பக்கத்தை மட்டும் ஒரு தனிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறார். பழைய நிலை வேண்டுமென்றால் அந்தக் கொப்பியைப் பார்த்துப் பக்கங்களைத் திரும்ப வைக்கலாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சிஸ்டம் ரெஸ்டோர் இப்படித்தான் நடக்கிறது. இதனால் புள்ளி ஒன்றை வைக்க ஒரு நிமிடம்கூடப் பெரும்பாலும் ஆகாது. அது பிடிக்கும் இடமும் முதலில் கொஞ்சம்தான், பிறகு மாற்றங்கள் சேரச் சேரக் கூடும்.

இதனால் பின்னோக்கிப் போவது விண்டோஸின் சொந்தக் கோப்புகள், டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள், அப்புறம் ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பெரிய பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. உங்கள் வேர்ட் கோப்புகள், படங்கள், வீடியோக்கள், மின்னஞ்சல்கள் இருந்தபடியே இருக்கும். நேற்று எழுதிய கடிதம் மீட்டெடுத்த பிறகும் நேற்று எழுதியபடியே இருக்கும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். தவறுதலாக அழித்த படத்தை மீட்புப் புள்ளி திருப்பித் தராது. புள்ளிகள் எல்லாம் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, ஆகவே டிஸ்க் செத்தால் புள்ளிகளும் சேர்ந்து போகும். வைரஸை அகற்றும் கருவியும் இது இல்லை. பணம் கட்டாமல் மென்பொருளைத் திறக்கும் 'கிராக்' கோப்புகளை ஓடவிட்டுவிட்டு, பிரச்சினை வந்தால் ரெஸ்டோர் பண்ணலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கோப்போடு வந்த கள்ள நிரல் உங்கள் சொந்தக் கோப்புறைகளுக்குள் ஒளிந்திருந்தால் ரெஸ்டோர் அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

முதலில், இயங்குகிறதா என்று பாருங்கள்

பல கணினிகளில் இந்த வசதி நிறுத்தப்பட்ட நிலையிலேயே கைக்கு வருகிறது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியிலும் பெரும்பாலும் இதுவே நிலை. வாங்கி மூன்று வருடமானாலும் ஒரு புள்ளிகூட இருக்காது. அதனால் "விண்டோஸ் தானாக வைக்கும்தானே" என்று நம்பி இருக்க வேண்டாம்.

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, ஆங்கிலத்தில் 'ரெஸ்டோர் பொயின்ட்' என்று தட்டச்சு செய்யுங்கள். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேடலில் ஒன்றும் வராது. 'கிரியேட் எ ரெஸ்டோர் பொயின்ட்' என்ற வரி மேலே வரும். அதை அழுத்தினால் சிறிய பழைய பாணிப் பெட்டி ஒன்று 'சிஸ்டம் புரொடெக்சன்' பகுதியில் திறக்கும். தேடல் வேலை செய்யாத கணினியில், செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் அங்கேயும் 'சிஸ்டம் புரொடெக்சன்' என்ற இணைப்பு இருக்கும்.

அந்தப் பெட்டியின் நடுவில் டிரைவ்களின் பட்டியல் தெரியும். சி டிரைவுக்கு நேரே 'ஒன்' என்று இருந்தால் இயங்குகிறது, 'ஓஃப்' என்றால் இல்லை. விண்டோஸ் இருக்கும் டிரைவுக்குப் பக்கத்தில் 'சிஸ்டம்' என்றும் எழுதியிருக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. டி, இ இரண்டையும் விட்டுவிடுங்கள். சி மட்டும் போதும், சில மென்பொருள்களை டி டிரைவில் நிறுவியிருந்தால் தவிர.

இயக்குவதற்கு:

1. பட்டியலில் சி டிரைவைத் தெரிவு செய்து, கீழே உள்ள 'கொன்பிகர்' பொத்தானை அழுத்துங்கள்.
2. 'டேர்ன் ஒன் சிஸ்டம் புரொடெக்சன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
3. அதன் கீழே இருக்கும் 'மாக்ஸ் யூசேஜ்' அளவுகோலை நகர்த்தி இடத்தை ஒதுக்குங்கள்.
4. 'அப்ளை', பிறகு 'ஓகே'.

'கொன்பிகர்' பொத்தான் மங்கலாக இருந்தால் நீங்கள் நிர்வாகி கணக்கில் இல்லாமல் இருக்கலாம். அலுவலகக் கணினி என்றால் உங்கள் அலுவலகமே அதை மூடி வைத்திருக்கலாம். அவர்களைக் கேட்காமல் வழி தேட வேண்டாம்.

எவ்வளவு இடம் ஒதுக்குவது

ஒதுக்கிய இடம் நிரம்பியதும் விண்டோஸ் மிகப் பழைய புள்ளியை அழித்துவிட்டுப் புதியதற்கு இடம் எடுக்கும். ஆகவே இடம் குறைவாக இருந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை குறையும், ஆயுளும் குறையும். அளவுகோலை 1 சதவீதத்தில் வைத்துவிட்டு, தேவையான நாளில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது, அதுவும் பிரச்சினை தொடங்கிய பிறகு வைத்தது என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை டிஸ்க்) உள்ள லப்டொப்பில் நான் 5 சதவீதம் வைப்பேன். அது 12 ஜிபி அளவு வரும். 128 ஜிபி மட்டுமே உள்ள பழைய லப்டொப்பிலும் 6 ஜிபிக்குக் கீழே இறங்க மாட்டேன். இடம் போதவில்லை என்றால் வட்ஸ்அப்பில் வந்து குவிந்த வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள், புள்ளிகளின் இடத்தைக் குறைக்க வேண்டாம். 1 டெராபைட் டிஸ்க் உள்ளவர்கள் 2 அல்லது 3 சதவீதம் வைத்தாலே தாராளம்.

புள்ளி வைப்பது

அதே பெட்டியில், கீழே 'கிரியேட்' என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு பெயர் கேட்கும். இந்தப் பெயரில் கவனம் வையுங்கள். திகதியையும் நேரத்தையும் விண்டோஸ் தானே சேர்த்துக்கொள்ளும், ஆகவே அவற்றை எழுதத் தேவையில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள்: 'பிரிண்டர் டிரைவருக்கு முதல்', 'தமிழ் கீபோர்ட் போட முதல்', 'எல்லாம் நல்லாக இருக்கிறது'. மூன்று மாதம் கழித்துப் பயத்தோடு அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, 'ஏஏஏ' என்ற பெயர் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

மறுபடி 'கிரியேட்' அழுத்துங்கள். சில விநாடிகளில் புள்ளி உருவாகிவிட்டது என்று சொல்லும்.

அதோடு எழும்பிவிட வேண்டாம். அதே பெட்டியின் மேலே 'சிஸ்டம் ரெஸ்டோர்' பொத்தானை அழுத்தி, 'நெக்ஸ்ட்' கொடுத்துப் பட்டியலில் உங்கள் புள்ளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு 'கான்சல்'. கான்சல் கொடுத்தால் எதுவும் மாறாது. இதை ஒரு தடவை செய்து பார்த்தவர், உண்மையிலேயே தேவை வரும் நாளில் பதறாமல் இருப்பார்.

எப்போது வைக்க வேண்டும்

விண்டோஸ் அப்டேட் வரும்போதும், சில மென்பொருள்களை நிறுவும்போதும் விண்டோஸ் தானாகப் புள்ளி வைக்கும். ஆனால் ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது புள்ளி வைக்கக் கேட்டாலும், கடந்த 24 மணித்தியாலத்துக்குள் ஏற்கனவே ஒரு புள்ளி இருந்தால் விண்டோஸ் புதியதை வைக்காமல் விட்டுவிடும். ஒரே நாளில் மூன்று மென்பொருள் போட்டீர்கள், மூன்றாவதுதான் கெடுத்தது என்றால், உங்களிடம் இருப்பது முதலாவதற்கு முந்திய நிலை மட்டுமே. கையால் 'கிரியேட்' அழுத்தும்போது அந்தத் தடை இல்லை. ஆகவே கையால் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டிரைவர் எதையும் போட முதல் வையுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், வைபை, கிராபிக்ஸ் எதுவானாலும் சரி. விண்டோஸின் அடிமட்டத்தில் வேலை செய்யும் மென்பொருள் டிரைவர்தான், நீலத் திரைக்கு முக்கியமான காரணமும் அதுதான். பழைய பிரிண்டருக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் டிரைவர் கிடைக்காமல், ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குபவர்கள் கட்டாயம் வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கான மென்பொருள்களுக்கும் இதே கவனம் வேண்டும். அழைப்பிதழ், கல்வெட்டு, நினைவு மலர் அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் பாமினியும் யூனிக்கோடும் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். அதற்காக ஒரே கணினியில் இரண்டு மூன்று தட்டச்சு மென்பொருள்களைப் போடுவார்கள். அவை ஒன்றோடொன்று மோதி, ஒரு விசையை அழுத்தினால் வேறொரு எழுத்து விழும் நிலை வந்துவிடும். ஒவ்வொன்றையும் போட முதல் தனித்தனியாக ஒரு புள்ளி வைத்தால், எது கெடுத்தது என்பதும் தெரியும், அதைப் போட முந்திய நிலைக்குத் திரும்பவும் முடியும்.

இன்னொரு சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகனோ மருமகனோ, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் மூலம் உள்ளே வந்து திருத்தித் தருவது எங்கள் வீடுகளில் சாதாரணம். அவர் நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அங்கே இரவு ஒரு மணி, கண் சொக்குகிறது, இங்கே இணையம் இடையில் அறுகிறது. எதை மாற்றினோம் என்று இரண்டு பக்கமும் நினைவிருக்காது. அனுமதி கொடுக்க முதல் ஒரு நிமிடம் எடுத்துப் புள்ளி வையுங்கள். தூரத்திலிருந்து உதவி செய்யும் தம்பிமாரும் உள்ளே வந்ததும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காரணமும் இல்லாமல், எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் ஒன்று வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை என்றால் நல்லது.

திரும்பிப் போவது: விண்டோஸ் திறக்கும்போது

சத்தம் வரவில்லை, வைபை காணவில்லை, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் மந்தமாகிவிட்டது. ஆனால் விண்டோஸ் திறக்கிறது. இது இலகுவான நிலை.

மின்சாரத்தை முதலில் பாருங்கள். மீட்டெடுக்கும் வேலை தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. ரெஜிஸ்ட்ரியைத் திரும்ப எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் பெரும்பாலும் கால் மணித்தியாலம் முதல் அரை மணித்தியாலம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயும் எடுக்கலாம். லப்டொப் என்றால் பற்றரியை முழுதாக ஏற்றி, சார்ஜரையும் செருகி வையுங்கள். பற்றரி செத்த லப்டொப்பை வெறும் சார்ஜரில் ஓட்டுபவர்களும், மேசைக் கணினி வைத்திருப்பவர்களும் யோசித்துச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சின்ன யூபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிய விடயம், அது இந்த வேலைக்குப் போதாது. மின்சார சபை பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடாதீர்கள். மாரி காலத்தில் காற்றும் இடியுமாக இருக்கும் பின்னேரங்களிலும் வேண்டாம். அறிவித்துத்தான் மின்சாரம் போகும் என்றும் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் முழு நாடும் இருண்டது நினைவிருக்கும்.

மின்சாரம் உறுதி என்றால், திறந்திருப்பவற்றையெல்லாம் சேமித்து மூடுங்கள். பிறகு:

1. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஆர், எஸ், ரீ, ஆர், யூ, ஐ (rstrui) என்ற ஆறு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் நேராகத் திறக்கும்.
2. விண்டோஸ் தானே ஒரு புள்ளியைப் பரிந்துரைக்கலாம். அது பெரும்பாலும் மிகப் பிந்தியது. நீங்கள் 'சூஸ் எ டிஃபரன்ட் ரெஸ்டோர் பொயின்ட்' என்பதைத் தெரிவு செய்து முழுப் பட்டியலையும் பாருங்கள். 'ஷோ மோர் ரெஸ்டோர் பொயின்ட்ஸ்' என்ற சிறு கட்டம் இருந்தால் அதையும் குறியிடுங்கள்.
3. பிரச்சினை தொடங்குவதற்குச் சற்று முந்திய புள்ளியைத் தெரிவு செய்யுங்கள். தேவைக்கு மேல் பழையதற்குப் போனால் தேவையில்லாமல் நிறைய மென்பொருள்கள் கழன்றுவிடும்.
4. 'ஸ்கான் ஃபோர் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள்.
5. 'நெக்ஸ்ட்', 'பினிஷ்', இறுதியாக 'யெஸ்'.

நான்காவது படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். அதுதான் இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள திரை. மேலே ஒரு பட்டியல் வரும்: அந்தப் புள்ளிக்குப் பிறகு நிறுவப்பட்டவை, அதாவது இப்போது கழன்று போகப்போகிற மென்பொருள்களும் டிரைவர்களும். கீழே இன்னொரு பட்டியல்: அந்தப் புள்ளிக்குப் பிறகு நீங்கள் அகற்றியவை, அதாவது திரும்பி வரக்கூடியவை. திரும்பி வருபவை ஒழுங்காக வேலை செய்யாமலும் போகலாம், அப்போது மறுபடி நிறுவ வேண்டும். இரண்டு பட்டியலையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதை மீண்டும் போட வேண்டும் என்று பிறகு மண்டையை உடைக்கத் தேவையில்லை. அந்தப் புள்ளிக்குப் பிறகு போட்ட பாமினி எழுத்துருவைத் திரும்ப நிறுவ வேண்டி வரலாம், அதன் கோப்பை ஒரு பென் டிரைவில் வைத்திருங்கள். இறக்கி வைத்த நிறுவல் கோப்புகள்கூடச் சில வேளை காணாமல் போகும். நிரல் எழுதும் மாணவர்கள் தாங்கள் உருவாக்கிய நிரல் கோப்புகளை முதலில் வெளியே பிரதி எடுத்துவிட வேண்டும்.

'யெஸ்' கொடுத்ததும் கணினி ரீஸ்டார்ட் ஆகி, ஒரே வசனம் நீண்ட நேரம் திரையில் நிற்கும். உறைந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானில் கை வைக்காதீர்கள். தேத்தண்ணி ஒன்று போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள். முடிந்து உள்ளே போனதும், மீட்டெடுப்பு வெற்றி, உங்கள் ஆவணங்கள் பாதிக்கப்படவில்லை என்று ஒரு செய்தி வரும்.

விண்டோஸ் திறக்காதபோது

மச்சாளுக்கு நடந்தது இதுதான். கடைக்குக் கொண்டு ஓடுவதும் இந்த நிலையில்தான். இங்கேயும் அதே புள்ளிகளுக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது.

விண்டோஸ் இரண்டு மூன்று தடவை திறக்கத் தவறினால் தானாகவே ஒரு நீல நிற மீட்புத் திரைக்குப் போகும். போகவில்லை என்றால், கணினியைப் போட்டு விண்டோஸ் சின்னம் தெரியத் தொடங்கியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு தடவை செய்து, மூன்றாவது தடவை விட்டுவிடுங்கள். தானியங்கித் திருத்தத்துக்குத் தயாராவதாக எழுத்து வரும். உள்நுழையும் திரை வரை வருகிறது, அதற்கு மேல் போகவில்லை என்றால் இன்னும் இலகு: ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, திரையின் மூலையில் உள்ள பவர் சின்னத்தில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

மீட்புத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', பிறகு 'சிஸ்டம் ரெஸ்டோர்'. நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதன் பிறகு வருவது முன்னர் பார்த்த அதே பட்டியல், அதே படிகள். 'ட்ரபிள்ஷூட்' திரையிலேயே 'ரீசெட் திஸ் பிசி' என்றும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்து அதை அழுத்திவிடாதீர்கள், அது விண்டோஸையே புதிதாக நிறுவும்.

இந்த இடத்தில் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டால் என்ன செய்வது? இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய லப்டொப்களில் இது கூடிக்கொண்டே வருகிறது. விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்து அமைக்கும்போது, பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பிட்லொக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர். அன்றாடம் பாவிக்கும்போது தெரியாது. மீட்புத் திரைக்குப் போகும்போதுதான் சாவியைக் கேட்கும். 2024 ஜூலை 19ஆம் திகதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசொப்ட் கணக்கிட்டது. அன்றும் பலர் இந்தச் சாவியைத் தேடித்தான் அலைந்தார்கள்.

அந்தச் சாவி எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் கணினியை அமைத்தீர்களோ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொருவர் தன்னுடைய மின்னஞ்சலில் உங்கள் லப்டொப்பை அமைத்துத் தந்திருந்தால் சாவியும் அவரிடம்தான். லப்டொப் வாங்கும்போது, உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் கண் முன்னால் அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் இன்றே செட்டிங்ஸில் 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், போனிலிருந்து உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் அந்த 48 இலக்கங்களையும் எடுத்து ஒரு தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் சேர்த்து வையுங்கள்.

மீட்டெடுத்தும் சரிவரவில்லை என்றால்

விண்டோஸுக்குள் இருந்து மீட்டெடுத்திருந்தால், செய்ததையே திரும்பப் பெறலாம். சிஸ்டம் ரெஸ்டோரை மறுபடி திறந்தால் 'அன்டூ சிஸ்டம் ரெஸ்டோர்' என்ற தெரிவு இருக்கும். மீட்புத் திரையிலிருந்தோ சேஃப் மோடிலிருந்தோ (அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் திறக்கும் நிலை) செய்ததற்கு அந்தத் தெரிவு இல்லை. ஆனாலும் வேறொரு புள்ளியைத் தெரிவு செய்து மறுபடி முயலலாம்.

முடியவில்லை என்று பிழைச் செய்தி வந்தால், பெரும்பாலும் அன்டிவைரஸ் மென்பொருள் தன் கோப்புகளை மாற்ற விடாமல் தடுத்திருக்கும். 80070005 என்று முடியும் பிழை எண் இதற்கான அடையாளங்களில் ஒன்று. அன்டிவைரஸைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு முயலுங்கள். அதுவும் சரிவராவிட்டால் மேலே சொன்ன மீட்புத் திரை வழியாகவே செய்யுங்கள். அங்கே விண்டோஸும் அன்டிவைரஸும் ஓடிக்கொண்டிருக்காது, ஆகவே தடைகள் குறைவு. உள்ளே இருந்து மூன்று தடவை தோற்ற மீட்டெடுப்பு, அங்கே முதல் தடவையிலேயே நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று புள்ளிகளுக்குப் போயும் அதே கோளாறு என்றால் பழுது பெரும்பாலும் விண்டோஸில் இருக்காது. டிஸ்க்கோ ராமோ பழுதாகியிருக்கலாம். அப்போது கடைக்குக் கொண்டு போங்கள். ஆனால் "முதல்ல என்ர பைல் எல்லாத்தையும் வெளியில எடுத்துத் தாங்கோ, அதுக்குப் பிறகு போமட் பண்ணுங்கோ" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

புள்ளிகள் காணாமல் போகும் வழிகள்

வைத்த புள்ளி எப்போதும் இருக்கும் என்றில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு புள்ளி அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று வந்தால் பழைய புள்ளிகள் எல்லாம் போய்விடும், ஆகவே அப்படி ஒரு மாற்றம் முடிந்ததும் புதிதாக ஒன்று வையுங்கள். அப்படியே 'சிஸ்டம் புரொடெக்சன்' இன்னும் 'ஒன்' என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் துப்புரவு செய்யும் கருவிகளும் புள்ளிகளை அழிக்கும். விண்டோஸின் சொந்த 'டிஸ்க் கிளீன் அப்'பிலேயே, மிகப் பிந்தியதைத் தவிர மற்றவற்றை அழிக்கும் ஒரு தெரிவு இருக்கிறது.

ஒரு பென் டிரைவ்

மீட்புத் திரைகூட வராத அளவுக்குக் கெட்டுப்போனால் வெளியிலிருந்து ஒரு வாசல் வேண்டும். 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவை எல்லாம் அழியும், ஆகவே வெறுமையானதாக இருக்கட்டும். ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் 'ரிகவரி டிரைவ்' என்று தேடி, வரும் கருவியைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும் கட்டத்தைக் குறியிட்டு, 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயும் எடுக்கலாம், ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு முதல் தொடங்கிவிடுங்கள். முடிந்ததும் அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியை ஒரு தடவை திறந்து, 'ட்ரபிள்ஷூட்' திரை வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இதிலிருந்து திறந்தாலும் கணினியின் டிஸ்க்கில் உள்ள அதே மீட்புப் புள்ளிகளைத்தான் பயன்படுத்தலாம்.

பிறகு அதில் ஒரு துண்டு ஒட்டி, எந்தக் கணினிக்கு உரியது என்று எழுதுங்கள். மச்சாளுடையது இப்போது அவருடைய மேசை இலாச்சிக்குள், 48 இலக்கம் எழுதிய தாளோடு ஒரே உறையில் இருக்கிறது.